கேளுங்கள், சொல்கிறோம்: ஆங்கிலச் செய்தியிலும் அறிவிப்பிலும் வரும் சொற்கள்

கேள்வி: ஆங்கிலச் செய்தியில் ‘அலெஜிட்லி’, ‘ரிப்போர்ட்டட்லி’, ‘அப்பேரன்ட்லி’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். மூன்றுக்குமே ‘சொல்லப்படுகிறது’ என்று எழுதிக்கொள்ளலாமா?

பதில்: எழுதிக்கொண்டால் செய்தியின் பாதி போய்விடும். யார் பொறுப்பேற்றுச் சொல்கிறார்கள் என்பதைக் காட்டத்தான் இந்தச் சொற்கள் இருக்கின்றன.

‘அலெஜிட்லி’ குற்றச்சாட்டோடு வரும் சொல். போலீஸோ, எதிர்த்தரப்போ, பாதிக்கப்பட்டவரோ ஒருவர் மீது தவறு சுமத்துகிறார்கள், அது இன்னும் நிரூபணமாகவில்லை என்று அர்த்தம். நல்ல காரியத்துக்கு இது வராது. ஒருவர் ‘அலெஜிட்லி’ பரிசு வாங்கினார் என்று சொன்னால், பரிசு வாங்கியதில் ஏதோ கோளாறு என்றுதான் கேட்பவருக்குப் படும். இந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பிரிட்டிஷ் சட்டத்தில், பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்பவரும் அதைச் சொன்னவராகவே கருதப்படுவார்.

‘ரிப்போர்ட்டட்லி’ என்றால் வேறு ஊடகங்களிலோ அறிக்கைகளிலோ இப்படி வந்திருக்கிறது, நாங்கள் நேரடியாக உறுதிசெய்யவில்லை என்று பொருள். ‘அப்பேரன்ட்லி’ இன்னும் தளர்வானது. வெளிப்பார்வைக்கு அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். எழுதிப் படிக்கும் செய்தியில் இது குறைவாக வரும், நேரலையில் பேசும் நிருபர் வாயில் அடிக்கடி வரும்.

பிரிட்டிஷ் செய்திகளில் ‘இஸ் அண்டர்ஸ்டுட் டு’ என்று ஒன்று வரும். உதாரணமாக, அமைச்சர் பதவி விலக முடிவெடுத்திருப்பதாக ‘அண்டர்ஸ்டுட்’. நம்பகமான ஒருவர் பெயர் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு சொல்லியிருக்கிறார் என்பதை இது பெரும்பாலும் குறிக்கும். ஆகவே ‘ரிப்போர்ட்டட்லி’யை விட இதற்கு எடை அதிகம்.

வினைச்சொல்லையும் கவனியுங்கள். ‘செட்’ என்பது நடுநிலை: சொன்னார், அவ்வளவுதான். ‘கிளெய்ம்ட்’ என்றால் சொன்னதை நம்பலாமா என்ற சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. ‘அட்மிட்டட்’ என்றால் மறைத்திருந்ததை ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிடும். ‘பாயின்டட் அவுட்’ என்றால் அவர் சொன்னது உண்மைதான் என்று செய்தி நிறுவனமே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ‘டினைட்’ மறுத்தார். ‘ரெஃப்யூட்டட்’ என்பதற்கு ஆதாரம் காட்டிப் பொய்யென்று நிறுவினார் என்பது கறாரான பொருள். வெறுமனே மறுத்தவருக்கு இதைப் பயன்படுத்துவது பரவலாக நடக்கும் தவறு. நல்ல செய்தி அறைகளில் இதைத் திருத்திவிடுவார்கள்.

கேள்வி: குற்றச் செய்திகளில் ஒருவரைச் சில நாள் ‘சஸ்பெக்ட்’ என்கிறார்கள், பிறகு ‘டிஃபெண்டன்ட்’ என்கிறார்கள். என்ன கணக்கு?

பதில்: வழக்கு எந்தப் படியில் இருக்கிறதோ அதற்கேற்ப சொல் மாறும். விசாரணையில் சந்தேகிக்கப்படுகிறவர் ‘சஸ்பெக்ட்’. பிடித்துவிட்டால் ‘அரெஸ்டட் ஆன் சஸ்பிஷன் ஆஃப்’ என்று குற்றத்தின் பெயர் சேரும். போலீஸோ அரசு வழக்கறிஞர் தரப்போ முறையாகக் குற்றம் பதிவுசெய்தால் ‘சார்ஜ்ட் வித்’. நீதிமன்றத்தில் நிற்கும்போது ‘டிஃபெண்டன்ட்’. குற்றவாளி என்று தீர்ப்பானால் ‘கன்விக்டட்’, விடுவித்தால் ‘அக்விட்டட்’. தண்டனையை அறிவிப்பது ‘சென்டன்ஸ்ட்’. தீர்ப்பும் தண்டனையும் வேறு வேறு நாளில் வருவது சகஜம், அதனால் ‘கன்விக்டட்’ என்று கேட்டவுடன் எத்தனை ஆண்டு என்று தேட வேண்டாம்.

‘அக்யூஸ்ட்’ உடன் ‘ஆஃப்’ வரும், ‘சார்ஜ்ட்’ உடன் ‘வித்’ வரும். தேர்வில் கேட்பார்கள்.

பிரிட்டனில் ஒருவர் கைதான நிமிடத்திலிருந்தே, விசாரணையைப் பாதிக்கக்கூடிய எதையும் வெளியிடுவதை 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் அந்நாட்டுச் செய்திகள் கைதுக்குப் பிறகு திடீரென்று வறண்டுபோகும்: வயது, ஊர், எந்தச் சந்தேகத்தில் கைது, அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அந்த வறட்சிக்குள்ளும் சில வாய்பாட்டு வாக்கியங்கள் நிறையச் சொல்லும். ஒரு மரணத்தை ‘அன்எக்ஸ்பிளெயின்ட்’ ஆகக் கருதுகிறோம் என்றால் காரணம் இன்னும் தெரியவில்லை. ‘சஸ்பிஷஸ்’ என்றால் யாரோ ஒருவர் கை இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இந்த மரணம் தொடர்பாக ‘வேறு யாரையும் தேடவில்லை’ என்று போலீஸ் சொன்னால், காரணமானவர் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டார் அல்லது இறந்தவர்களிலேயே ஒருவர் என்று அவர்கள் நினைப்பதாகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விபத்துச் செய்தியில் ‘கேஷுவல்டீஸ்’ 40 என்றார்கள். 40 பேர் இறந்துவிட்டதாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். தவறா?

பதில்: தவறுதான். ‘கேஷுவல்டீஸ்’ என்பதில் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் இருவரும் அடக்கம். போர்ச் செய்தியில் காணாமல் போனவர்களையும் பிடிபட்டவர்களையும்கூடச் சேர்த்துவிடுவார்கள். இறந்தவர்களை மட்டும் குறிப்பது ‘ஃபேட்டாலிட்டீஸ்’. ‘டெத் டோல்’ என்றால் இதுவரை எண்ணிய இறப்பு எண்ணிக்கை. இன்னொன்று: விபத்தில் அடிபட்டால் ‘இன்ஜர்ட்’, ஆயுதத்தால் தாக்கப்பட்டால் ‘வூண்டட்’. ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ என்றால் உயிருக்கு ஆபத்தான நிலைதான், ஆனால் இப்போதைக்கு மேலும் மோசமாகவில்லை. ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கேள்வி: தலைப்புச் செய்தியின் ஆங்கிலம் இலக்கணத்துக்கே ஒத்துவராதது போல் இருக்கிறதே?

பதில்: அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. மூன்று விதிகள் தெரிந்தால் போதும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள்: ‘பிரிட்ஜ் கொலாப்ஸஸ்’ என்றால் பாலம் விழுந்துவிட்டது. இனி நடக்கப்போவதற்கு ‘டு’ போடுவார்கள்: ‘பி.எம். டு விசிட்’ என்றால் பிரதமர் போகவிருக்கிறார். ‘இஸ்’, ‘ஆர்’, ‘எ’, ‘த’ போன்றவற்றை உதிர்த்துவிடுவார்கள்: ‘த்ரீ ஹெல்ட்’ என்றால் மூன்று பேர் பிடிபட்டிருக்கிறார்கள். யாரையோ மூன்று பேர் பிடித்தார்கள் என்று தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம்.

பிறகு அந்தக் குட்டிச் சொற்கள். பத்திரிகைப் பத்தியின் அகலத்துக்குள் பெரிய எழுத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக வளர்ந்தவை அவை. ‘புரோப்’ விசாரணை, ‘பிட்’ முயற்சி, ‘ஆக்ஸ்’ ரத்துசெய்வது அல்லது வேலையை விட்டு நீக்குவது, ‘ஸ்லாம்’ கடுமையாகக் கண்டிப்பது, ‘வௌ’ சூளுரைப்பது, ‘கர்ப்’ கட்டுப்படுத்துவது, ‘பிளீ’ வேண்டுகோள், ‘குவிஸ்’ போலீஸ் கேள்வி கேட்பது. இவற்றைப் பேச்சிலும் கடிதத்திலும் பயன்படுத்தினால் செயற்கையாக இருக்கும். கருத்து மோதலைக் குறிக்கும் சொல்லை ‘ரௌ’ என்று உச்சரிக்க வேண்டும். அதே எழுத்துகளை ‘ரோ’ என்று சொன்னால் வரிசை. முதன்மைச் செய்தி ‘லீட்’, நேரலை ‘லைவ்’.

கேள்வி: ‘பிரேக்கிங்’, ‘டெவலப்பிங்’, ‘எக்ஸ்குளூசிவ்’, ‘லைவ்’ என்று திரையில் மாறி மாறி ஓடுகிறதே, இவற்றுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் சேனல்கள் அதைச் சரியாகக் காப்பதில்லை. ‘பிரேக்கிங்’ என்பது இப்போதுதான் கிடைத்த செய்தி. ‘டெவலப்பிங் ஸ்டோரி’ என்றால் விவரங்கள் வந்துகொண்டிருக்கின்றன, இப்போது சொன்னது சற்று நேரத்தில் மாறலாம். எண்ணிக்கைகளை அந்நேரம் குறித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ‘எக்ஸ்குளூசிவ்’ என்றால் எங்களிடம் மட்டும். ‘லைவ்’ நேரலை. ‘அஸ் லைவ்’ என்று செய்தி அறைக்குள் ஒரு சொல் புழங்கும்: முன்பே பதிவுசெய்தது, ஆனால் வெட்டாமல் ஒட்டாமல் நேரலை போலவே எடுத்தது. 24 மணி நேரச் செய்திச் சேனல் என்ற வடிவம் 1980 ஜூன் 1 அன்று சி.என்.என். தொடங்கியதிலிருந்து பரவியது. திரையின் அடியில் நிற்காமல் ஓடும் வரி 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது அமெரிக்கச் சேனல்களில் வந்தது, பிறகு போகவே இல்லை. அந்த வரிக்கு ‘டிக்கர்’ அல்லது ‘கிரால்’ என்று பெயர். பேசுபவரின் பெயரும் பதவியும் காட்டும் பட்டையை அமெரிக்காவில் ‘கைரான்’ என்றும் பிரிட்டனில் ‘ஆஸ்டன்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் அந்தக் கருவிகளைச் செய்த நிறுவனங்களின் பெயர்கள்.

கேள்வி: ‘நியூஸ்ரீடர்’, ‘ஆங்கர்’, ‘பிரசென்டர்’, ‘கரஸ்பாண்டன்ட்’?

பதில்: எழுதிக்கொடுத்ததைப் படிப்பவர் ‘நியூஸ்ரீடர்’. இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்காவில் ‘ஆங்கர்’: நிகழ்ச்சியைத் தாங்கிப் பிடித்து, நிருபர்களை அழைத்துப் பேசவைத்து, நேர்காணலும் செய்பவர். அதே வேலைக்குப் பிரிட்டனில் ‘பிரசென்டர்’ என்பார்கள். ‘ரிப்போர்ட்டர்’ எந்தச் செய்திக்கும் போவார். ‘கரஸ்பாண்டன்ட்’ ஒரு துறைக்கோ ஓர் ஊருக்கோ பொறுப்பானவர். சம்பளம் இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அனுப்புபவர் ‘ஸ்டிரிங்கர்’.

பழைய போர்க்கால ஒலிப்பதிவுகளில் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லித் தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். பி.பி.சி.யில் முன்பு பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. 1940இல் ஜெர்மனி படையெடுத்து வரலாம் என்ற அச்சத்தில், எதிரி போலிச் செய்தி ஒலிபரப்பினால் மக்கள் கண்டுபிடிக்கும்படி, குரலும் பெயரும் சேர்ந்து பழகட்டும் என்று தொடங்கினார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் கைபேசியில் ‘டொர்னேடோ வாட்ச்’, ‘டொர்னேடோ வார்னிங்’ என்று எச்சரிக்கைகள் வருகின்றன. இரண்டில் எது பெரிது?

பதில்: ‘வார்னிங்’தான் பெரிது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். பெயரைக் கேட்டால் ‘வாட்ச்’ ஏதோ கண்காணிக்கச் சொல்லும் அவசரக் கட்டளை போலவும், ‘வார்னிங்’ முன்கூட்டிச் சொல்லும் பொது எச்சரிக்கை போலவும் தோன்றும். நடைமுறை நேர்மாறானது.

‘வாட்ச்’ என்றால் சுழற்காற்று உருவாவதற்கு ஏற்ற சூழ்நிலை இருக்கிறது. பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்கு விடுப்பார்கள். அப்போது செய்ய வேண்டியது: எங்கே ஒதுங்குவது என்று முடிவெடுப்பது, கைபேசியை முழுதாக மின்னேற்றுவது, காலணியை அருகில் வைப்பது, செய்தியைத் தொடர்ந்து கேட்பது. ‘வார்னிங்’ என்றால் சுழற்காற்றை யாரோ பார்த்துவிட்டார்கள், அல்லது ரேடாரில் தெரிகிறது. சிறிய பகுதிக்கு, பொதுவாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கால அளவுக்கு வரும். அப்போது ஜன்னலருகே போய்ப் பார்க்கக் கூடாது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நடுவில் இருக்கும், ஜன்னல் இல்லாத அறைக்குள் உடனே போக வேண்டும். ‘டொர்னேடோ எமர்ஜென்சி’ என்று வந்தால் அதற்கும் மேல்: பெரும் சேதம் விளைவிக்கும் சுழற்காற்று ஊரை நோக்கி வருகிறது.

புயலுக்கு இதே சொற்களோடு நேரக் கணக்கும் உண்டு. மணிக்கு 63 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வீசும் காற்று வந்து சேரும் என்று எதிர்பார்க்கும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பு ‘ஹரிக்கேன் வாட்ச்’, 36 மணி நேரம் முன்பு ‘ஹரிக்கேன் வார்னிங்’. கணக்கை அந்தக் காற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அது வந்துவிட்டால் வெளியே நின்று பலகை அடிப்பதும் ஊரைவிட்டுக் கிளம்புவதும் ஆபத்தாகிவிடும். ‘அட்வைசரி’ என்பது ‘வார்னிங்’ அளவுக்குக் கடுமையாகாத, ஆனால் கவனமில்லாவிட்டால் துன்பம் தரும் நிலைக்கு.

பிரிட்டனில் இந்தச் சொற்கள் இல்லை, நிறங்கள்தான்: மஞ்சள், ஆம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு. எவ்வளவு பாதிப்பு, எவ்வளவு நிச்சயம் என்ற இரண்டையும் சேர்த்து நிறத்தை முடிவுசெய்கிறார்கள். ஆகவே மஞ்சள் என்றால் சிறிய பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிச்சயமாக வரப்போகும் சிறிய பாதிப்புக்கும் மஞ்சள் உண்டு, வந்தால் பெரும் சேதம், ஆனால் வருமா என்பது சந்தேகம் என்ற நிலைக்கும் மஞ்சள் உண்டு. நிறத்தோடு வரும் இரண்டு வரிகளையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ‘எவாக்குவேட்’, ‘ஷெல்டர் இன் பிளேஸ்’, ‘பாயில் வாட்டர்’ போன்ற அறிவிப்புகளில் சரியாக என்ன செய்யச் சொல்கிறார்கள்?

பதில்: ‘எவாக்குவேட்’ என்றால் இடத்தைக் காலி செய்துவிட்டு வெளியேறுங்கள். ‘ஷெல்டர் இன் பிளேஸ்’ என்றால் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே இருங்கள், வெளியே வராதீர்கள். ரசாயனக் கசிவு என்றால் கதவு ஜன்னலை அடைத்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறியையும் ஏசியையும் நிறுத்த வேண்டும். பதற்றத்தில் வெளியேற வேண்டிய இடத்தில் உள்ளேயே இருந்துவிடுபவர்கள் உண்டு, அதனால் வினைச்சொல்லைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் காட்டுத்தீ அறிவிப்புகளில் ‘எவாக்குவேஷன் வார்னிங்’ என்றால் கிளம்பத் தயாராக இருங்கள், முதியவர்களும் கால்நடை வைத்திருப்பவர்களும் இப்போதே கிளம்புங்கள். ‘எவாக்குவேஷன் ஆர்டர்’ என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும், சட்டப்படி அந்தப் பகுதி மூடப்படுகிறது. மேலே சொன்ன வானிலை ‘வார்னிங்’ உச்சம், இங்கே ‘ஆர்டர்’ உச்சம். அந்தந்த அறிவிப்பின் ஏணியை அந்தந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குடிநீர் அறிவிப்பில் மூன்று படிகள் உண்டு, மூன்றும் முற்றிலும் வேறு. ‘பாயில் வாட்டர்’ என்றால் கிருமி இருக்கலாம். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம். பல் துலக்கவும், பனிக்கட்டி செய்யவும், பச்சையாகச் சாப்பிடும் காய் கழுவவும் அந்தத் தண்ணீரே. ‘டூ நாட் டிரிங்க்’ என்றால் ரசாயனமோ நச்சோ கலந்திருக்கலாம். இதில் கொதிக்கவைப்பது உதவாது, நீர் ஆவியாகி நச்சின் செறிவு கூடவும் செய்யும். புட்டித் தண்ணீர்தான் வழி. ‘டூ நாட் யூஸ்’ என்றால் குளிக்கவும் கூடாது, தோலில் பட்டாலே ஆபத்து. இரண்டாவது அறிவிப்பைக் கேட்டு முதலாவதுக்கான காரியத்தைச் செய்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

கடைசியில் ‘லிஃப்டட்’ என்ற சொல்லுக்காகக் காத்திருங்கள். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது என்று அர்த்தம். ‘திஸ் இஸ் எ டெஸ்ட்’ என்று தொடங்கினால் அது ஒத்திகை, எதுவும் செய்ய வேண்டாம். பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23 அன்று நாடு முழுவதும் கைபேசிகளை அலறவைத்தது அப்படிப்பட்ட ஒத்திகைதான்.

கேள்வி: பி.பி.சி. ரேடியோவின் கடல் வானிலை அறிக்கையைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். ‘சூன்’, ‘லேட்டர்’ என்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம்?

பதில்: அருமையான கேள்வி. ‘ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்’ முழுவதுமே இப்படி அளந்து வைத்த சொற்களால் ஆனது. ‘இம்மினன்ட்’ என்றால் அறிக்கை வெளியான நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள். ‘சூன்’ 6 முதல் 12 மணி நேரத்துக்குள். ‘லேட்டர்’ 12 மணி நேரத்துக்குப் பிறகு. ‘கேல்’ என்றால், காற்றின் வேகத்தை எண்களால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8.

பார்வைத் தூரத்துக்கும் கணக்கு உண்டு: ‘குட்’ 5 கடல்மைலுக்கு மேல், ‘மாடரேட்’ 2 முதல் 5 வரை, ‘புவர்’ 1,000 மீட்டர் முதல் 2 கடல்மைல் வரை, ‘வெரி புவர்’ 1,000 மீட்டருக்கும் குறைவு. காற்றின் திசை கடிகாரமுள் போகும் பக்கமாக மாறினால் ‘வியரிங்’, எதிர்ப்பக்கமாக மாறினால் ‘பேக்கிங்’. ‘சவுத்வெஸ்டர்லி’ என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, தென்மேற்கை நோக்கிப் போவது அல்ல. காற்றழுத்தத்தில் ‘ஃபாலிங் ஸ்லோலி’ என்றால் 3 மணி நேரத்தில் 1.5 ஹெக்டோபாஸ்கல் வரைதான் இறங்கியிருக்கிறது. ‘ஃபாலிங் வெரி ராப்பிட்லி’ என்றால் அதே நேரத்தில் 6க்கும் மேல் இறங்கிவிட்டது. படகில் இருப்பவர்கள் அப்போது கரையைப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி: ரயில் நிலைய, விமான நிலைய அறிவிப்புகள் எனக்குப் பாதிதான் புரிகின்றன.

பதில்: வாக்கிய அமைப்பு எப்போதும் ஒன்றே என்பதால், எது எங்கே வரும் என்று தெரிந்தால் போதும். பிரிட்டிஷ் ரயில் அறிவிப்பில் முதலில் பிளாட்பாரம், அடுத்து நேரம், அடுத்து கடைசி நிறுத்தம், பிறகு ‘காலிங் அட்’ என்று வழியில் நிற்கும் இடங்கள். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த ரயில் அங்கே நிற்காது. ‘டெர்மினேட்ஸ் ஹியர்’ என்றால் இதோடு முடிகிறது, ஏறாதீர்கள். ‘பிளாட்ஃபார்ம் ஆல்ட்டரேஷன்’ என்றால் பிளாட்பாரம் மாறிவிட்டது, அடுத்து வரும் எண்ணைப் பிடியுங்கள். ‘அலைட்’ இறங்குவது. ‘ஃபிரண்ட் ஃபோர் கோச்சஸ்’ என்றால் வண்டி வழியில் பிரியும், அல்லது பிளாட்பாரம் குட்டை. உங்கள் ஊருக்குப் போக வண்டியின் முன்பக்க நான்கு பெட்டிகளில்தான் ஏற வேண்டும்.

விமான நிலையத்தில் ‘கோ டு கேட்’ என்றால் நடக்கத் தொடங்குங்கள், ‘நௌ போர்டிங்’ ஏறிக்கொண்டிருக்கிறார்கள், ‘ஃபைனல் கால்’ கதவு மூடப்போகிறது. ‘ஷெட்யூல்ட்’ அட்டவணை நேரம், ‘எஸ்டிமேட்டட்’ உண்மையில் எதிர்பார்க்கும் நேரம். வரவேற்கப் போகிறவர்கள் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். ‘டைவர்ட்டட்’ என்றால் விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டுவிட்டது.

மாடிக் கணக்கில் ஒரு வம்பு உண்டு: பிரிட்டனில் தரைத்தளம் ‘கிரவுண்ட் ஃப்ளோர்’, அதற்கு மேலே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’.

பிரிட்டிஷ் நிலையங்களில் ‘இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ்’ என்பவரைக் கட்டுப்பாட்டு அறைக்கு வரச்சொல்லி ஒலித்தால், அப்படி ஓர் ஆள் இல்லை. தீ எச்சரிக்கை அடித்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று பயணிகளைக் கலவரப்படுத்தாமல் ஊழியர்களுக்குச் சொல்லும் குறிச்சொல் அது.

கேள்வி: ஒரு கருத்தரங்கில் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவிக்கும் பொறுப்பு எனக்கு. எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது?

பதில்: முதலில் எழுதுங்கள், எழுதாமல் மைக்கைத் தொடாதீர்கள். வரிசை இது: கவனத்தை இழுக்கும் சொல், யாருக்கான அறிவிப்பு, என்ன மாறியது, எங்கே, முக்கியமான எண் மறுபடி, நன்றி. யாருக்கு என்பது முன்னால் வர வேண்டும். கடைசியில் சொன்னால், தமக்குத்தான் என்று தெரியும்போது விவரம் போய்விட்டிருக்கும்.

மாதிரி ஒன்று: ‘அட்டென்ஷன் ப்ளீஸ். விசிட்டர்ஸ் ஃபார் த ஃபோர் ஓக்ளாக் லெக்சர். த லெக்சர் வில் நௌ பீ இன் ஹால் ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ், ஆன் த கிரவுண்ட் ஃப்ளோர். ஹால் ஒன் ஃபைவ். தேங்க் யூ.’ ‘ஃபிஃப்டீன்’ என்றதோடு ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரொலிக்கும் கூடத்தில் ‘ஃபிஃப்டீன்’ கடைசி மெய்யெழுத்தை இழந்து ‘ஃபிஃப்டி’ ஆகிவிடும், பாதிக் கூட்டம் ஐம்பதாம் எண் அறையைத் தேடும். 13 முதல் 19 வரை எல்லா எண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இதே காரணத்தால் ‘டோன்ட்’, ‘கான்ட்’ என்று சுருக்காதீர்கள். ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டுக்கும் வித்தியாசமே கேட்காமல் போகும். ‘டூ நாட் யூஸ் த லிஃப்ட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

மைக்கின் பொத்தானை அழுத்தியதும் ஒரு வினாடி பொறுங்கள். உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்பட்டு ‘டென்ஷன் ப்ளீஸ்’ என்றுதான் வெளியே கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கையகலம் இடைவெளி விட்டு, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் ‘ப’, ‘ஃப’ ஒலிகள் வெடிக்காது. செய்தி வாசிப்பவர்கள் வினாடிக்கு 3 சொல் என்று கணக்குப் போடுவார்கள். கூடத்தில் வினாடிக்கு 2 போதும், வாக்கியங்களுக்கு நடுவே எதிரொலி அடங்கும் வரை நிறுத்த வேண்டும். சத்தம் போதவில்லை என்று கத்துவதால் தெளிவு வராது, எதிரொலிதான் கூடும். முழு அறிவிப்பும் 20 வினாடிக்குள் முடிந்தால் நல்லது. ஒரு நிமிடம் விட்டு அப்படியே மறுபடி படியுங்கள், சொற்களை மாற்றாதீர்கள். மாற்றினால் இது புது அறிவிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ‘டூ நியூஸஸ் வேர் டெலிகாஸ்டட்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் போய்விட்டது.

பதில்: ‘நியூஸ்’ ஒருமை, பன்மை கிடையாது. ‘டூ நியூஸ் ஐட்டம்ஸ்’ என்று எழுதலாம். ‘த நியூஸ் இஸ்’ என்றுதான் வரும். ‘பிராட்காஸ்ட்’, ‘டெலிகாஸ்ட்’ இரண்டும் இறந்தகாலத்திலும் அப்படியே இருப்பது பாதுகாப்பு. அறிவிப்பை ‘மேக்’ செய்வார்கள், அறிக்கையை ‘இஷ்யூ’ செய்வார்கள், செய்தியாளர் சந்திப்பை ‘ஹோல்ட்’ செய்வார்கள். ‘டெல்’, ‘கிவ்’ என்று போட்டால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும்.

கேள்வி: ஆங்கிலச் செய்தி வேகமாகப் போகிறது. காதைப் பழக்க என்ன வழி?

பதில்: பதிவுசெய்த 3 நிமிடத் தலைப்புச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர நிகழ்ச்சி வேண்டாம். முதல் முறை கேட்கும்போது எத்தனை செய்திகள் என்று மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது முறை பெயர்களையும் எண்களையும் எழுதுங்கள். மூன்றாவது முறை ஒவ்வொரு செய்தியிலும் யார் சொன்னதாக வருகிறது என்று குறியுங்கள்: போலீஸா, அமைச்சரா, ‘சோர்சஸ்’ஸா. நான்காவது முறை, வாசிப்பவரோடு சேர்ந்து அரை வினாடி பின்தங்கி வாய்விட்டுச் சொல்லுங்கள். புரியாத சொல்லை நிறுத்தித் தேடுவது மூன்றாவது முறைக்குப் பிறகுதான். முதல் முறையே நிறுத்தினால் காது ஓடப் பழகாது.

வேகம் மிகவும் தடையாக இருந்தால் படி இறங்கித் தொடங்கலாம். ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 1959இல் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்று ஒன்றைத் தொடங்கியது: சுமார் 1,500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தப் பாணிப் பதிவுகளை ஒரு மாதம் கேட்டுவிட்டு வழக்கமான செய்திக்கு வரலாம். கைபேசியில் வேகத்தைக் குறைத்துக் கேட்பதும் முடியும், ஆனால் 0.75க்குக் கீழே போனால் அசையழுத்தம் சிதைந்து, தவறான உச்சரிப்பு காதில் பதிந்துவிடும்.